பெல்ட்டுக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கர்

"ஏன்டி இப்படிக் கத்துற? ரிட்டயர் ஆனவ மத்தியானத்துல கொஞ்சம் கண்ணசந்தா உனக்குப் பொறுக்காதா? ஸ்பீக்கர் தொங்குனா தொங்கிட்டுப் போகுது. உனக்கு எதுக்கு அந்தக் கதையெல்லாம்? சூப் ஆறிப்போகாமப் பாத்துக்க, போ."

போன வாரம் பாக்கியம் போன் செய்தபோது நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். பாக்கியம் இப்போது ஒரு ஆஸ்பத்திரிக் கிச்சனில் சூப்பர்வைசர். அந்தக் கிச்சனில்தான் நான் என் காலத்தையெல்லாம் கழித்தேன். அங்கே மறுபடியும் கம்ப்யூட்டர் மாற்றுகிறார்களாம். சாப்பாட்டுத் தட்டு ஓடும் பெல்ட்டுக்கு மேலே ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்குகிறது. அதைக் கழற்றலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

"பிலோ ஆன்ட்டி! உங்க காது கேக்காததுக்காக வெச்ச ஸ்பீக்கராம்லா! கழட்டிடவா!"

"என் காதுக்கு ஒரு கேடும் இல்லடி. நீ அங்க பிஸ்கட் கடிக்கிறது எனக்கு இங்க புக்கிட் பாத்தோக் வீட்டுல கேக்குது."

பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, "அப்ப யாருக்காக வெச்சாங்க?" என்றாள்.

அதற்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஒருத்தியைக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேக்கா மார்க்கெட்டுக்குப் போனேன். கிச்சனில் என்னோடு வேலை பார்த்த ஆ லெங் எனக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இரண்டு பேருக்கும் மலாயும் சரியாகத் தெரியாது. அதனால் சண்டையே வந்ததில்லை. இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

"பாக்கியம் கேக்குறா. சொல்லவா?"

ஆ லெங் கோப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லு. இனிமே என்னை யாரு வேலைய விட்டு நிறுத்தப் போறாங்க?"

ஆகவே சொல்கிறேன்.

நான் படித்தது மிகக் கொஞ்சம். தமிழ் வாசிப்பேன். ஆங்கிலத்தில் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளை மட்டும் அடையாளம் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தெரிகிற மாதிரி. ஆஸ்பத்திரிக் கிச்சனில் பானை கழுவச் சேர்ந்தேன். பிறகு வெங்காயம் உரித்தேன். பிறகு கஞ்சி கிண்டினேன். என் வாய் கை வேலையைவிட வேகமாக ஓடுவதைப் பார்த்த மேனேஜர் மிஸஸ் சிம், "இவ வாயை பெல்ட்டுல வெச்சா உபயோகப்படும்" என்று என்னைத் தட்டு வரிசைக்குத் தலைப்பில் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும்.

மிஸஸ் சிம் பேச்சில் சிக்கனம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கரண்டி இருக்கும். ஒவ்வொரு பானையையும் ருசி பார்ப்பார், கரண்டியைக் கழுவித் துடைத்து மறுபடி பையில் போடுவார். நல்லாயிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நல்லாயில்லை என்றால் பானை விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு. அந்தத் தட்டுக்குச் சமையல்காரர்கள் எல்லாரும் நடுங்குவார்கள். வார்டிலிருந்து சாப்பிடாமல் திரும்பி வரும் தட்டுகளின் முன்னால் நின்று, யார் எதை விட்டுவைத்தார் என்று பார்ப்பார். ஒரு தடவை ஒரு பாட்டையா மூன்று வேளையும் மீனைத் தொடாமல் அனுப்பியிருந்தார். மிஸஸ் சிம் தானே வார்டுக்குப் போனார். முள்ளுக்குப் பயந்தாராம். மறுநாளிலிருந்து அவருக்கு முள் எடுத்த மீன் போனது. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வார்டு நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வேலை இப்படி நடக்கும். பெல்ட்டின் தலைப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதன்மேல் ஒரு பிரிண்டர். கம்ப்யூட்டர் இரைச்சலோடுதான் ஓடும். ஓடாத நாளில் பக்கவாட்டில் ஒரு அறை விட்டால் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டு வரும். நான் சீட்டை எடுத்துத் தட்டில் வைத்து, சோறா, கஞ்சியா, மசித்ததா என்று கூவுவேன். தட்டு நகரும். ஒருத்தி காய் வைப்பாள், ஒருத்தி குழம்பு ஊற்றுவாள். பெல்ட் ஒரு சுற்றுச் சுற்றி எனக்கு எதிரிலேயே வந்து முடியும். அங்கே ஆ லெங் நின்று மூடி போடுவாள். சாதாரணத் தட்டுக்கு வெள்ளை மூடி. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, இறால் ஆகாது, கடலை ஆகாது என்பவர்களுக்கு, சிவப்பு மூடி. சிவப்பு மூடி விழுந்த தட்டை வேறொரு பெண் ஓரமாக எடுத்து வைத்து மறுபடி ஒரு முறை சரிபார்த்து, ஆகாததை மாற்றி வைப்பாள்.

ஆ லெங்குக்கு எழுத்து தெரியாது. எந்த மொழியிலும் தெரியாது. இது பெல்ட்டில் நிற்கும் எங்களுக்குத் தெரியும், ஆபீஸுக்குத் தெரியாது. ஆனால் அவள் மூடி தப்பியதே இல்லை. எப்படி என்று நாங்கள் யோசித்ததும் இல்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கு அவ்வளவு அறிவு இருக்கிறதென்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பழைய கம்ப்யூட்டர் அறைக்கும் மசியாமல் போக ஆரம்பித்தபோது, மேலிடம் ஒரு என்ஜினீயரை அனுப்பியது. பெயர் செந்தில். தமிழ்நாட்டிலிருந்து வந்து, சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தவர். முதல் நாள் வந்ததும் என்னை "அம்மா" என்றார்.

"இங்க ஆன்ட்டின்னு சொல்லணும் தம்பி. அம்மான்னு கூப்பிட்டா நான் உனக்குப் பொண்ணு பாக்க ஆரம்பிச்சிடுவேன்."

"அப்ப அம்மான்னே கூப்பிடறேங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

தேநீர் இடைவேளையில் மிஸஸ் சிம் அவரை எங்கள் நடுவில் உட்கார வைத்து, "என்ன செய்யப் போறேன்னு இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். செந்தில் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தமிழில் எனக்குச் சொல்ல, நான் மலாயில் மற்றவர்களுக்குச் சொன்னேன்.

"ஆன்ட்டி, இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடுறது ஒரு ப்ரோகிராம். சாம்பார்னு வெச்சுக்குங்க. அதை முதல்ல எழுதினவர் செய்முறையை விட்டுட்டுப் போயிருக்கார். அதுதான் சோர்ஸ் கோட். அடுப்பு பழசாயிடுச்சு. இப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, செய்முறைய எடுத்து, புது அடுப்புக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதி, மறுபடி சாம்பார் வைக்கிறது. அதுக்கு போர்ட்டிங்னு பேர்."

"இன்னொண்ணு?"

"செய்முறையத் தொடவே வேணாம். புதுக் கிச்சனுக்குள்ளயே பழைய கிச்சன் மாதிரி ஒரு அறை கட்டி, பழைய அடுப்பு, பழைய பானை எல்லாம் அதுக்குள்ள இருக்கிற மாதிரி சாம்பாரை நம்ப வெச்சிடறது. தான் இடம் மாறினதே சாம்பாருக்குத் தெரியாது. அதுக்கு வெர்ச்சுவலைசேஷன்னு பேர்."

"சாம்பாரையே ஏமாத்துறியா! நல்ல வேலைக்குத்தான் படிச்சிருக்கே" என்றேன்.

மிஸஸ் சிம் சிரிக்கவில்லை. இரண்டே கேள்வி கேட்டார். மாற்றும்போது ஒரு வேளைச் சாப்பாடாவது தவறுமா? பின்னால் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் யாரால் முடியும்?

செந்தில் மழுப்பவில்லை. மாற்றி எழுதினால் நாள் பிடிக்கும், முதலில் ருசி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பின்னால் வேண்டியபடி திருத்தலாம். பழைய அறையோடு தூக்கி வைத்தால் சனி ஞாயிறுக்குள் முடிந்துவிடும், எதுவும் மாறாது, ஆனால் உள்ளே இருப்பது பழசுதான், ஒரு நாள் அதைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்.

"நோயாளிக்கு மத்தியானச் சாப்பாடு மத்தியானமே வேணும்" என்றார் மிஸஸ் சிம். "இப்ப தூக்கி வை. அப்புறம் நிதானமா மாத்தி எழுது."

அப்படியே ஆனது. இரைச்சல் போட்ட பெட்டி ஸ்டோருக்குப் போய், பெல்ட் தலைப்பில் சன்னமான ஒரு திரையும் புது பிரிண்டரும் வந்தன. பழைய கம்ப்யூட்டர் மேல் மாடியில் பூட்டிய அறையில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் குடிபோய்விட்டதாம். திரையில் அதே பச்சை எழுத்து, அதே சீட்டு, அதே வரிகள். எங்களுக்குச் சந்தோஷம். கிச்சனே கோயில் மாதிரி அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் வினை இருந்தது.

புதியதில் முதலில் ஓடியது ஒரே ஒரு வார்டின் தட்டுகள்தான். அன்றைக்கு மீ ரெபுஸ், குழம்பு ஊற்றிய மலாய் நூடுல்ஸ். குழம்பில் இறால் உண்டு. தட்டுகள் போயின. கொஞ்ச நேரத்தில் மிஸஸ் சிம் கையில் ஒரு தட்டோடு வந்தார். வெள்ளை மூடி. சீட்டின் கடைசி வரியில் இறால் ஒவ்வாமை என்று அச்சாகியிருந்தது. சாப்பிடக் கொடுக்கும் முன் வார்டு நர்ஸ் சீட்டைப் படித்துத் தடுத்திருந்தார். அந்த நர்ஸ் பெண்ணுக்கு என் ஜெபத்தில் இன்றும் இடம் உண்டு.

நான் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இறால் குழம்பேதான். ஆ லெங் பின்னால் ஸ்டோருக்குப் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

மேலிடத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். எல்லார் முன்னாலும் சொன்னார்: "சீட்டுல தெளிவா அச்சாகியிருக்கு. மூடி போடறவங்க படிக்கல. அடுத்த வாரம் பெல்ட்டுல நிக்கிற எல்லாருக்கும் வாசிப்புச் சோதனை. படிக்க முடியாதவங்க இந்த வேலைக்கு வேணாம். ப்ரோகிராமையும் மொத்தமா மாத்தி எழுதிடுவோம், பெரிய எழுத்துல."

ஆ லெங்கின் கணவர் அப்போது படுக்கையில் இருந்தார். அந்த வேலைதான் அந்த வீடு. நான் ஸ்டோருக்குப் போனேன்.

"நானே போயிடறேன்" என்றாள். "சோதனையில உக்கார வெச்சு எல்லார் முன்னாடியும் அனுப்புறதுக்கு முன்னாடி."

"உக்காருடி. அரிசி மூட்டை ஓடியா போயிடும்?" என்றேன். அதைவிட நல்லதாக எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. வாய்க்காகவே வேலை கிடைத்தவள் நான்.

அந்த நேரத்தில் செந்தில் செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். டை கட்டியவர் சொன்னதைக் கேட்டு, தன் வேலை சரிதான் என்று அவர் பேசாமல் போயிருக்கலாம். சீட்டில்தான் அச்சாகியிருக்கிறதே. ஆனால் அவர் மிஸஸ் சிம்மிடம் போய், "எதுவும் மாறாதுன்னு நான் சொன்னேன். ஏதோ மாறியிருக்கு. பழைய பெட்டியில ஒரு நாள் ஓட்டுங்க, நான் பாக்கணும்" என்றார்.

பழைய பெட்டியை ஸ்டோரிலிருந்து எடுத்து மாட்டினார்கள். நான்தான் அறை விட்டேன். செந்தில் தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு பெல்ட் ஓரமாக நின்றார். தட்டுகளைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆன்ட்டி, இந்தத் தட்டு அலர்ஜின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

"சீட்டைப் படிச்சேன்."

"சீட்டு இன்னும் பிரிண்டர்லயே இருக்கு, ஆன்ட்டி."

பார்த்தேன். பாதிதான் வெளியே வந்திருந்தது. எதிரே ஆ லெங் கையில் அதற்குள் சிவப்பு மூடி. அந்தத் தட்டு சுற்றி வரும்வரை அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

"அதெல்லாம் அனுபவம் தம்பி" என்று சமாளித்தேன்.

அவர் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து வந்தார். "காதுல வெச்சுக்குங்க."

"எதுக்கு? நீ திட்டப் போறியா?"

வைத்துக்கொண்டேன். தட்டுகள் போயின. நான் கூவினேன். இரண்டு ஒவ்வாமைத் தட்டுகளைக் கவனிக்காமலே விட்டேன் என்று அவர் பிறகு காட்டினார். சோறா கஞ்சியா என்பது சீட்டின் முதல் வரி. அதை மட்டும்தான் நான் எப்போதும் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசி வரியைப் படி என்று எனக்குச் சொன்னது வேறொன்று. பழைய பெட்டி போட்ட அத்தனை இரைச்சலுக்கும் நடுவில், ஒவ்வாமைச் சீட்டு வரும்போது மட்டும் 'கீக்' என்று ஒரு சின்னச் சத்தம். நாங்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுத்தான் வேலை செய்தோம். கேட்கிறோம் என்பதுதான் தெரியாது. படிக்கத் தெரிந்த நாங்களும்.

ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று பிறகு ஆ லெங்கிடம் கேட்டேன்.

"புதுப் பெட்டி கத்தலைன்னு அந்தத் தட்டு திரும்பி வந்தப்பவே தெரியும்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா, ஏன், நீ படிக்கலையான்னு கேப்பாங்களே."

செந்தில் செய்முறையைத் தோண்டிப் பார்த்துவிட்டு வந்தார். முதலில் எழுதிய மனிதர் அந்த மணியை அதில் வைத்திருந்தாராம். புது ஏற்பாட்டிலும் அது ஒழுங்காகத்தான் அடித்திருக்கிறது.

"எங்க அடிச்சுது? எங்களுக்குக் கேக்கலியே."

"மேல் மாடியில பூட்டுன ரூம்ல, ஆன்ட்டி. பழைய கம்ப்யூட்டர் இப்ப அங்கதானே குடியிருக்கு. அது பாவம், அங்க உக்காந்து தனியா மணியடிச்சிட்டிருந்திருக்கு."

அந்த ஆளில்லாத அறையில் அது 'கீக் கீக்' என்று எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அன்றைக்கே டை கட்டியவர் மறுபடி வந்தபோது மிஸஸ் சிம் என் காலத்தில் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "வீடு மாத்தும்போது ஒரு சாமானை மேல் மாடியில விட்டுட்டு வந்தது நாம. அதை முதல்ல கொண்டாந்து குடுப்போம். அதுக்கப்புறமும் தப்பு நடந்தா ஆளைச் சோதிக்கலாம்." சொல்லிவிட்டு மேஜை விளிம்பில் கரண்டியால் ஒரு தட்டு. அவருக்கும் அந்தத் தட்டின் அர்த்தம் எப்படியோ புரிந்துவிட்டது.

மணியைக் கீழே கொண்டுவர செந்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தார். அதில்தான் கூத்து. முதலில் அவர் வைத்த சத்தம் லிஃப்ட் மாதிரி இருந்தது. நான் நிமிர்ந்து எந்த மாடி என்று பார்த்தேன். அடுத்தது மைக்ரோவேவ் மாதிரி. குழம்புக்காரி போய் அடுப்பைத் திறந்தாள். மூன்றாவது, எம்.ஆர்.டி. ரயில் கதவு மூடும் சத்தம் போலவே இருந்தது. பெல்ட்டில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தோம். தட்டு ஒன்று தரையில் போய் விழுந்தது. ஆ லெங் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, "இல்ல, இல்ல" என்றாள்.

கடைசியில் செந்தில் பழைய பெட்டியின் வாயில் தன் போனை வைத்து, அதன் சொந்தக் குரலையே பதிந்துகொண்டு வந்து போட்டார். 'கீக்.' ஆ லெங்கின் கை தானாகச் சிவப்பு மூடிக்குப் போனது. எல்லாரும் கைதட்டினோம். செந்திலுக்கு வெட்கம் தாங்கவில்லை.

"ஸ்பீக்கரை எங்க மாட்டணும், மேடம்? சீட்டு வர்ற இடத்துல, பிலோ ஆன்ட்டி தலைக்கு மேலயா?" என்று கேட்டார்.

மிஸஸ் சிம் பையிலிருந்து கரண்டியை எடுத்து நீட்டினார். என் பக்கம் அல்ல. எதிர்ப்பக்கம், ஆ லெங் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்னொரு காலத்தில் ஆ லெங்கைக் காய் நறுக்கும் மேஜையிலிருந்து கூட்டி வந்து, அந்தப் பெட்டியின் சத்தம் நன்றாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தியதே மிஸஸ் சிம்தான். ஆபீஸுக்குத் தெரியாது என்று நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, ஆபீஸின் சட்டைப் பையிலேயே கரண்டியோடு இருந்திருக்கிறது. நான் அவரைப் பார்த்தேன். அவர் சூப் பானையைப் பார்க்கப் போய்விட்டார்.

மிஸஸ் சிம் சொன்னபடி, செந்தில் நிதானமாகப் பிறகு அந்த ப்ரோகிராமைப் புதிதாக மாற்றியும் எழுதினார். மணி அதிலும் இருந்தது. ஆ லெங் ஓய்வு வயது வந்து, எல்லாரும் கேக் வெட்டி வழியனுப்பிய பிறகுதான் அந்த இடத்தை விட்டுப் போனாள். சோதனை என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவே இல்லை. செந்தில் இப்போது குடும்பத்தோடு பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு போன் செய்வார். நான் பார்த்த பெண்களையெல்லாம் தட்டிவிட்டுத் தானே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டார், அது ஒன்றுதான் எனக்கு அவர்மேல் குறை.

பாக்கியம், இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஸ்பீக்கர் யாருக்காக என்று தெரிந்துவிட்டதல்லவா? கழற்றுவது உன் இஷ்டம். அதற்குமுன் பெல்ட்டில் நிற்கும் உன் பெண்கள் அத்தனை பேர் காதிலும் ஒரு நாள் பஞ்சு வைத்துப் பார்.

என் காது கதையும் அன்றைக்குத்தான் பிறந்தது. பஞ்சு வைத்த அந்த நாள் சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி ப்ளாக்குக்குத் திரும்பினேன். கீழே மேஜையைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்காரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கமலாவின் வீட்டுக்காரருக்கு அந்த டை கட்டியவரின் ஆபீஸில்தான் வேலை. அவளிடம் விழுந்த வார்த்தை மறுநாள் காலை அங்கே போய்ச் சேரும்.

"பிலோ, உங்க கிச்சன்ல யாருக்கோ படிக்கவே தெரியாதாமே? அந்த ஆளுக்காக மணி, கிணின்னு என்னமோ வைக்கப் போறாங்களாமே? யாரு அது?"

கன்னத்தைத் தடவினேன். விரலில் பஞ்சு தட்டுப்பட்டது. ஒரு காதிலிருந்ததை எடுக்க மறந்தே வீடு வரை வந்திருக்கிறேன்.

"என்னது?" என்றேன்.

"மணி! யாருக்கு?"

"சத்தமா சொல்லுலா, கேக்கல."

அவள் கத்தினாள். நான் பஞ்சைத் தொட்டுக் காட்டி, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டேன். "எனக்குத்தான்டி. காது போச்சு. பாவம், எனக்காக ஸ்பீக்கரே வைக்கிறாங்க."

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இந்த ப்ளாக்கில் எல்லாரும் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார்கள். என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும், எனக்குத்தான் கேட்காதே என்று, என் பக்கத்திலேயே நின்று சாதாரணக் குரலில் பேசுகிறார்கள்.